லாபம், ரெண்டு, மூணு

நெல் அளக்கிறவன் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டான், லாபம் என்பான். அடுத்த படி இரண்டு, அதற்கடுத்தது மூன்று. அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் இது தெரியும். தாட்சாயிணிக்குத் தெரியாது. அவள் பட்டணத்தில், சூளையில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் சந்தில் யாரும் ஒரு வேளைக்கு ஒரு படிக்குமேல் அரிசி வாங்கியதில்லை. ஒரு படிக்கு எண்ணிக்கை எதற்கு?

அதனால்தான் அண்ணன் கல்யாணத்துக்கு அரிசி வாங்க அப்பாவோடு அம்பத்தூர் மண்டிக்கு வந்த அன்று, அவள் எல்லார் முன்னாலும் சண்டைக்கு நின்றாள். அளந்து போட்டவன் கோதண்டம். இருபத்தைந்து வயசு, கறுத்த தோள், படியில் குவித்துத் தலைகட்டும்போது ஒரு மணி கீழே சிந்தாத கை. பத்துப் படி போட்டுவிட்டுக் கோணியின் வாயைப் பிடித்தான்.

"லாபம்னு ஒண்ணு போட்டியே, அது இனாம் தானே? அத்த உட்டா ஒம்போது தான் கீது" என்றாள் தாட்சாயிணி.

மண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை. கோணியைக் கவிழ்த்து அரிசியைத் தரையில் கொட்டினான். மறுபடியும் படியை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி ஒண்ணு, ரெண்டு என்று பத்துவரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொல்லி அளந்தான். தரையில் ஒரு பிடி மிச்சமில்லை. "இப்ப செரியாமே?" என்று கேட்டான்.

அடுத்த மாசம் கோதண்டம் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். அவன் வாழ்நாள் முழுக்க, யாராவது வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டான். அவன் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அரிசி கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். கடைசி வருஷங்களில் அது ஒரு வண்டி அரிசியாகிவிட்டிருந்தது.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலேறி அம்பத்தூர்ப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு காலேஜும் வந்தது. முழுக் காலேஜும் இல்லை, அதன் ரசாயன வகுப்பு மட்டும். மண்டி முதலாளி நெல் வியாபாரத்தை நிறுத்திவிட்டிருந்ததால் கிடங்கை வாடகைக்கு விட்டார். மூட்டை அடுக்கின இடத்தில் பெஞ்சுகள் வந்தன. சுவரில் மூட்டைக் கணக்குக்குக் கிழித்த கரிக்கோடுகளுக்குமேலேயே வாத்தியார் ராஜசேகரன் சாக்கட்டியால் சூத்திரங்களை எழுதினார். கிடங்கோடு சேர்த்துக் கோதண்டத்தையும் முதலாளி காலேஜுக்கு விட்டார், பூட்டும் சாவியும் அவனிடம் இருந்ததால்.

அவன் குடுவை கழுவினான், பெஞ்சு துடைத்தான். கொஞ்ச நாளிலேயே லேப் அசிஸ்டண்ட் கோவிந்தன் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொதிக்கிற திரவமாக இருந்தாலும் சிந்தாமல் ஊற்றுகிற கையை அவர் காலேஜில் எங்கேயும் பார்த்ததில்லையாம். சண்டையினால் சீமையிலிருந்து கண்ணாடிச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. பெரிய அளவுக் குடுவைகள் ரயிலிலேயே உடைந்துவிட்டன. மிச்சம் ஒரே ஒரு லிட்டர் குடுவை. அதனால் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, லிட்டர் குடுவையையே படிமாதிரி வைத்து அளந்து, வகுப்புக்கு வேண்டிய கரைசலை அதில் கலந்தார்கள்.

தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் கூடாது, ஆவியாக்கி வடித்த தண்ணீர் வேண்டும். அந்தக் கருவியும் பட்டணத்திலேயே தங்கிவிட்டது. கரையான்சாவடியிலிருந்து உஸ்மான் கனி சைக்கிளில் கொண்டுவந்தார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பன்னீர் வடிக்கிறார்கள். அதே பாண்டத்தில் பூவுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரைப் போட்டு வடித்தார். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் ரோஜா வாசம் போகவில்லை. ரசாயன வகுப்பு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்களாம்.

இதையெல்லாம் கோதண்டம் சாயங்காலம் வந்து தாட்சாயிணியிடம் சொல்வான். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அவனுக்கு எழுத்து சுமாராகத்தான் வரும். வகுப்பில் காதில் விழுந்ததை அவன் சொல்ல, அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பாள். ஒரு லிட்டர் கரைசலில் நாற்பது கிராம் காஸ்டிக் சோடா இருந்தால் அது ஒரு மோலார். நாலு கிராம் மட்டும் இருந்தால் பத்தில் ஒரு மோலார்.

"மோலாரா, மோரா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதாமே. கெட்டி மோரு கீது, அத்த தண்ணி உட்டு நீர் மோராக்கறோம். எவ்ளோ உடணும்னு கணக்கு போடறதுக்குத்தான் அவங்க இங்கிலீசுல படிக்கறாங்க."

அவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு மோருக்கு மோலார் என்றே பெயர். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஒரு நாள் வாசலில் நின்று, கொஞ்சம் மோலார் இருந்தால் கொடு என்று கேட்கிற அளவுக்கு அது போயிற்று.

அடுத்த வருஷம் மாசியில் கோவிந்தன் ராணுவத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். புது ஆள் கிடைக்கிறவரை கோதண்டம் பார்க்கட்டும் என்றார் ராஜசேகரன். சரியாகப் பார்த்தால் அந்த வேலையே அவனுக்கு, காலேஜ் பட்டணத்துக்குத் திரும்பினாலும் அவன் கூட வரலாம் என்றும் சொன்னார். தாட்சாயிணி அன்று கேசரி கிண்டினாள்.

முதல் நாள் வகுப்புக்கு முன்னால் பிள்ளைகள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்க, அவன் ஒரு மோலார் மூல சோடாவைப் பத்தில் ஒன்றாக நீர்க்கவைக்கத் தொடங்கினான். முதல் குடுவையை ஜாடியில் ஊற்றும்போது வாய் தானாக லாபம் என்றது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் "ரெண்டு மூட்டை போடு, மாமே" என்றான். ராஜசேகரன் நல்ல மனுஷர், ஆனால் வகுப்பில் சத்தம் அவருக்கு ஆகாது.

"கோதண்டம், இது மண்டி இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணு."

அவனும் அப்படியே எண்ணினான். அன்றிலிருந்துதான் தொல்லை.

இருபது சி.சி. அமிலத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்துக் குடுவையில் விட்டு, நிறம்காட்டி இரண்டு சொட்டு சேர்த்து, மேலே நிற்கும் பியூரெட் குழாயைத் திறந்து காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இரண்டும் பத்தில் ஒரு மோலாராக இருந்தால் சரியாக இருபது சி.சி. இறங்கும்போது கரைசல் இளஞ்சிவப்பாகும். கோதண்டம் கலந்த சோடாவில் இருபதில் ஆகவில்லை, இருபத்தொன்றிலும் ஆகவில்லை. இருபத்திரண்டில்தான் ஆயிற்று. மறுநாள் புதிதாகக் கலந்தான். அதே இருபத்திரண்டு. பத்தில் ஒன்று இருக்கவேண்டிய சரக்கு நீர்த்துப் போயிருக்கிறது என்றார் ராஜசேகரன். பன்னீர்த் தண்ணீர்மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதில் ஏதோ கலந்திருக்கிறது, அது சோடாவைத் தின்றுவிடுகிறது என்றார்.

உஸ்மான் கனி சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று இதைக் கேட்டாராம். கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. பாய் தண்ணியிலே குத்தமில்லே சார், பட்டணத்துத் தண்ணி வரவழைச்சுப் பாருங்க என்று அவனே சொன்னான். வெள்ளிக்கிழமை பட்டணத்திலிருந்து சீல் வைத்த பெரிய ஜாடியில் ரயிலில் தண்ணீர் வந்தது. அதில் கலந்து பார்த்தார்கள். அதிலும் இருபத்திரண்டு.

தண்ணீர் தப்பித்துக்கொண்டது, அவன் மாட்டிக்கொண்டான். அமிலத்தை ராஜசேகரனே கலந்தது, மூல சோடாவையும் அவரே சரிபார்த்து சீல் வைத்தது. நடுவில் இருப்பது கோதண்டத்தின் கை ஒன்றுதான். புதன்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை. திங்கட்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை கலக்கட்டும், அப்போதும் சரியாக வராவிட்டால் பட்டணத்திலிருந்து ஆளை வரவழைக்கிறேன் என்று ராஜசேகரன் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உன் கை ஏனோ சரிப்படவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அளக்கிறவனிடம் சொல்லக்கூடாத சொல் அது. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு நேராக வரவில்லை. ஆவடிக்குப் போய், அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் எடுக்கிற இடத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் லாரி, கள்ளிக்குப்பம் திருப்பத்தில் நிற்கும்.

"அங்க மண்ணுதான் வாரிப் போடணும். அளக்கச் சொல்ல மாட்டாங்க" என்றான்.

தாட்சாயிணி சட்டென்று அழுகிறவள் இல்லை. மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய் முழுக்கு நாள். எண்ணெய் தேய்த்துவிட்டாள், வெந்நீர் விளாவிக் கொடுத்தாள். விளாவும்போதுதான் யோசனை ஓடியது. அண்டாவில் கொதிக்கிற தண்ணீர் ஒரு செம்பு ஊற்றி, பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, சூடு எங்கேயும் ஓடிப்போவதில்லை. இருக்கிற சூடுதான் பரவிக்கொள்கிறது. அதிகமாகப் பரவினால் ஆறிவிடும். அவன் சோடாவும் அப்படித்தான் ஆறியிருக்கவேண்டும். சரக்கு எங்கேயும் போகவில்லை. தண்ணீர்தான் எங்கேயோ கூடியிருக்கிறது. ஆனால் கோதண்டத்தின் கையில் எப்படிக் கூடும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கொல்லையில் ஒரு பானையை வைத்தாள். அரிசி அளக்கிற ஆழாக்கால் பத்துத் தடவை தண்ணீர் அளந்து ஊற்றினாள். தண்ணீர் நின்ற இடத்தில் பானைக்குள் கரியால் ஒரு கோடு இழுத்தாள். தண்ணீரை முருங்கைக்குக் கொட்டிவிட்டு, ஒரு சட்டியில் கெட்டி மோரோடு வந்து அவனைக் கூப்பிட்டாள்.

"இது சோடான்னு வெச்சுக்கோ. அங்க எப்டி செய்வியோ அப்டியே செய்."

"இன்னாமே இது வெளாட்டு."

"செய்யேன். செவ்வாக்கெழமதானே போற. இன்னிக்கு மோரு கலக்கக்கூடாதா?"

அவன் உட்கார்ந்தான். கெட்டி மோரை ஆழாக்கில் விளிம்புவரை நிரப்பிப் பானையில் ஊற்றினான். பிறகு தண்ணீரை எடுத்து ஒண்ணு என்றான், ரெண்டு என்றான். பத்து என்று சொல்லி ஆழாக்கைக் கவிழ்த்தான். தாட்சாயிணி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கரிக்கோடு மோருக்குள் முழுகிப்போயிருந்தது.

கோடு தப்பு என்றான் கோதண்டம். நீ அளந்தது குறைச்சல், உனக்கு ஆழாக்குப் பிடிக்கவே தெரியாது, அன்றைக்கு மண்டியிலேயே பார்த்தேனே என்றான். அவள் இன்னொரு பானையைக் கொண்டுவந்து, நீயே பத்து ஆழாக்கு அளந்து ஊற்று என்றாள். அவன் ஊற்றினான். அவனே கரியால் கோடு போட்டான். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் மோர், மறுபடியும் ஒண்ணு, ரெண்டு. இந்தக் கோடும் முழுகியது. அவன் ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பானையையே பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. தண்ணீருக்கு அவன் வாய் அசைந்தது. மோருக்கு அசையவில்லை.

"மோரு ஊத்தும்போது இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. மோருக்கு இன்னா எண்ணிக்க?"

"மண்டியிலே மொதப் படிக்கு இன்னா சொல்லுவே?"

"லாபம்."

"அதுக்கப்புறம்?"

"ரெண்டு."

"அப்ப ஒண்ணு எங்கய்யா போச்சி?"

அவன் உதடு மெல்ல அசைந்தது. வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மோர்ச் சட்டியைத் தொட்டான். லாபம் என்றான். தண்ணீர்க் குடத்தைத் தொட்டான். ரெண்டு என்றான். பத்துவரை போய் நின்றான். பிறகு ஆழாக்கைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கோவிந்தன் இருந்தபோது, பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் மூல சோடாச் சரக்கை ஊற்றுவார், பக்கத்தில் நிற்கும் கோதண்டம் லாபம் என்பான். பிறகு தண்ணீர் ரெண்டிலிருந்து பத்துவரை வரும். ஒன்பது தண்ணீர், ஒரு சரக்கு, ஆகப் பத்து. இதை அவனும் யோசித்ததில்லை, கோவிந்தனும் யோசித்ததில்லை. எண்ணிக்கையே பார்த்துக்கொண்டது. லாபத்தை விட்டுவிடு என்று சொன்னதும், அவன் லாபத்தோடு சேர்த்து அந்த முதல் குடுவையையும் எண்ணிக்கையிலிருந்து விட்டுவிட்டான். தண்ணீரிலிருந்து ஒண்ணு தொடங்கினான். பத்தில் ஒன்றாக இருக்கவேண்டியது பதினொன்றில் ஒன்றாகிப் போனது. இருபதில் சிவக்கவேண்டியது இருபத்திரண்டுக்குப் போனது.

தாட்சாயிணி காலண்டர் தாளை எடுத்துவந்தாள். சுவரில் இருந்ததை அவன் சொல்லி அவள் எழுதிய சூத்திரம் அதில் இருந்தது. கெட்டிக்கு எம், அளவுக்கு வி; எம் ஒன்றை வி ஒன்றால் பெருக்கினால் எம் இரண்டை வி இரண்டால் பெருக்கினது வரும். இந்த வி இரண்டு எது, தண்ணீரா, மொத்தமா என்று அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். மொத்தம் என்று சார் சொன்னார் என்று அவனே சொல்லியிருக்கிறான். அதை எழுதியும் வைத்திருந்தாள். தாளில் இருந்தது கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

"அன்னிக்கு லாபத்த கணக்குல சேக்காதேன்னு சண்ட புட்ச்சே. அந்தச் சாபந்தாமே புட்ச்சிருக்கு" என்றான் கோதண்டம். இரண்டு நாளைக்குப் பிறகு அவன் பல்லைக் காட்டினது அப்போதுதான்.

இரண்டு பானை நீர் மோரை என்ன செய்வது? உப்பும் பச்சைமிளகாயும் போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். பூங்காவனம் ஒரு வாய் குடித்துவிட்டு, இது மோலாரா, மோலார் கழுவின தண்ணியா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் சோற்றுத் தூக்கை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனான் என்று தாட்சாயிணி பின்னாளில் சொல்வாள். மறந்துவிட்டேன் என்று அவன் சத்தியம் செய்வான். எப்படியோ, தூக்கை எடுத்துக்கொண்டு அவள் கிடங்குக்குப் போனபோது வாசலில் உஸ்மான் கனி நின்றிருந்தார். கேனில் அவருடைய தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் இன்று கலப்பேன் என்று கோதண்டம் பிடிவாதம் பிடித்தானாம். "ரெண்டு பேர் மானமும் ஒரே ஜாடியில போட்டிருக்கு தங்கச்சி" என்றார் பாய் மெல்ல.

உள்ளே ராஜசேகரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். கோதண்டம் சீல் உடைத்த சோடாவை லிட்டர் குடுவையில் கோடுவரை நிரப்பினான். ஜாடிமேல் சாய்த்தான். ஒரு கணம் நிறுத்தினான்.

"லாபம்" என்றான், மண்டியில் சொல்கிற முழுக் குரலில்.

பின்னால் ஒரு பையன் சிரித்தான். ராஜசேகரன் புருவத்தைச் சுருக்கினார். அவன் யாரையும் பார்க்கவில்லை. ரெண்டு, மூணு, நாலு என்று பன்னீர் மணக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனான். பத்து என்று சொல்லிக் குடுவையைக் கவிழ்த்து வைத்தான். கண்ணாடிக் கோலால் நெடுநேரம் கலக்கினான்.

பியூரெட்டை ராஜசேகரனே பிடித்தார். சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு வந்து வந்து மறைந்தது. பத்தொன்பது தாண்டியதும் ஒவ்வொரு சொட்டாக விட்டார். வாசலில் தாட்சாயிணி தூக்கின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடுவையில் வெளிறிய ரோஜா நிறம் வந்தது. மறையாமல் நின்றது. அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இருபது" என்றார்.

இன்னொரு தடவை செய்தார். அதுவும் இருபது. பிறகு அவனிடம், போன வாரம் என்ன செய்தாய் என்று கேட்டார். கோதண்டம் சொன்னான். லாபத்தை விட்டதையும், அதனால் ஒன்று இடம் மாறினதையும், மோர்ப் பானையையும், ஒன்றுவிடாமல் சொன்னான். நீங்கள் சொல்லித்தான் விட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை அவராகவே புரிந்துகொண்டார் என்பது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிச் சற்று நேரம் சாக்கட்டியைத் தேடியதில் தெரிந்தது.

"சரி. இரண்டு மோலார் சோடா இருக்கிறது. அதிலிருந்து பத்தில் ஒரு மோலார், இருநூற்றைம்பது சி.சி. வேண்டும். எவ்வளவு எடுப்பாய்?"

கோதண்டம் கூரையைப் பார்த்தான். விரல்கள் வேட்டி மடிப்பில் ஓடின.

"ரெண்டு மோலார்னா இருவது பங்கு ஆக்கணும் சார். லாபம் சரக்கு. ரெண்டுலேர்ந்து இருவது வரிக்கும் தண்ணி. எரநூத்தம்பதெ இருவதா பிரிச்சா பன்னண்டரை. பன்னண்டரை சி.சி. சரக்கு எடுத்து, தண்ணி உட்டு எரநூத்தம்பது ஆக்கணும்."

"ஆக்கணும்" என்று திருப்பிச் சொன்னார் ராஜசேகரன். "ஊத்தணும் இல்லை, ஆக்கணும். முதல் வருஷத்தில் பாதிப் பேருக்கு இது வராது." பிறகு சிரித்த பையனைக் கூப்பிட்டு, இனிமேல் கரைசல் கலக்கும்போது நீயும் பக்கத்தில் நின்று லாபம் சொல்லவேண்டும் என்றார்.

உஸ்மான் கனி கேனைத் தூக்கி சைக்கிளில் கட்டினார். போகும்போது தாட்சாயிணியின் கையில் மூடியிட்ட ஒரு சின்ன சீசாவைக் கொடுத்தார், இது தண்ணி இல்லேம்மா, அசல் பன்னீர் என்று சொல்லி.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் திருப்பத்தில் லாரி வந்து நின்றது. ஹாரன் இரண்டு தடவை அடித்தது. கோதண்டம் எழுந்து வாசல்வரை போனான். பெயர் கொடுத்தவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா என்றான். சொல்லிவிட்டு வா என்றாள் அவள். லாரிக்காரன் அவனைத் திட்டிவிட்டுப் போனது வீடுவரை கேட்டது. அவன் திரும்பி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, தாட்சாயிணி பானையிலிருந்து அரிசி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவருக்கும் இரண்டு ஆழாக்கு போதும்.

முதல் ஆழாக்கை முறத்தில் கொட்டும்போது அவள் அவனைப் பார்த்தாள்.

"லாபம்" என்றாள்.

"ரெண்டு" என்றான் அவன்.